தங்கம் இறங்கிய ஊர்

முள்ளிக்கழியில் தங்கம் இறங்கிப் போனது பங்குனி மாதத்தில், உப்பு வாரும் பருவம் சூடு பிடித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். எந்தப் பெண் எங்கே நின்றாளோ அங்கேயே அவளுடைய காதிலும் மூக்கிலும் கழுத்திலும் கிடந்த தங்கம், கொக்கி கழலாமல், திருகாணி திருகாமல், தோலில் ஒரு கீறலும் போடாமல் வழுகி, சேலை மடிப்புகளின் வழியே இறங்கித் தரையைத் தொட்டு, தண்ணீரில் விட்ட ஈயக்குண்டு போல மண்ணுக்குள் போய்விட்டது. சாணி மெழுகிய தரையில் நின்றவளுக்கும் அப்படித்தான், மொசைக் தரையில் நின்றவளுக்கும் அப்படித்தான். தரை திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. பெட்டிக்குள்ளும் பீரோவுக்குள்ளும் இருந்த தங்கமும், துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த தங்கமும் அதே நேரத்தில் அதே மாதிரி போயின.

வெள்ளி போகவில்லை. கவரிங்கும் போகவில்லை. அதனால் இத்தனை நாளும் கவரிங்கைப் போட்டுக்கொண்டு தங்கம் என்று சொல்லித் திரிந்தவர்கள் யார் யார் என்பது மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துபோய், தங்கம் போனதைவிட அதைப் பற்றித்தான் அன்றைக்குப் பேச்சு அதிகமாக இருந்தது.

பெண்கள் காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியை ஒடித்துச் சொருகிக்கொண்டார்கள். தாலிக்கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டார்கள். உப்பளத்துக் காவல்காரர் ஒருவருக்கு ஒரு பல் தங்கத்தில் இருந்தது. அதுவும் இறங்கிப் போனதால் அவர் யாரையாவது அதட்டினால் கூடவே ஒரு விசிலும் வந்தது, அதட்டப்பட்டவர்கள் சிரித்தார்கள். பைக்கில் வந்து சங்கிலி அறுக்கும் இரண்டு பேர் ஒருநாள் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வரப்பு ஓரமாக வண்டியை நிறுத்தி, "என்னக்கா, ஊர்ல எதும் பெரிய காரியமா, எல்லாரும் மூளியா நிக்கிறீங்க" என்று கேட்டார்கள். விவரம் சொன்னதும் வருத்தப்பட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களின் நகைகளும் ஊர் எல்லைக்குள் கால் வைத்ததும் இறங்கிவிட்டன. அதன்பிறகு மெயின் ரோட்டுப் பேருந்து நிறுத்தத்து டீக்கடைக்காரர் சுவரில் வரிசையாக ஆணி அடித்துத் துணிப்பைகளைத் தொங்கவிட்டார். விருந்துக்கு வருகிறவர்கள் நகையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு ஊருக்குள் வந்து, சாப்பிட்டுவிட்டுப் போகும்போது மாட்டிக்கொண்டு போனார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போவது மாதிரி அதுவும் பழகிவிட்டது. நிலத்தைப் பார்க்க வந்த அதிகாரியும் தன் மோதிரத்தை அங்கே கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். மண் இளகலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழா நெருங்கியபோதுதான் ஊருக்குக் கவலை வந்தது. மூளிக் கழுத்தோடு அம்மன் முன்னால் எப்படி நிற்பது. உச்சினிமாகாளி கோயில் தர்மகர்த்தா வைகுண்டமணி ஊரைக் கூட்டி, நகையைத் தோண்டி எடுப்பதென்றும், நாளைக்கு ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லிக்கொண்டு யாரும் வந்து நிற்காமலிருக்க, யார் எதைத் தொலைத்தார்கள் என்பதை உப்பின் மேல் சத்தியம் செய்து சொல்ல வேண்டுமென்றும் முடிவு செய்தார். முள்ளிக்கழியில் அது பழைய கட்டு. கையில் ஒரு பிடி உப்பை வைத்துக்கொண்டு அம்மன் முன்னால் சொன்ன சொல் பொய்யானால், அந்தக் கையால் அதற்குப் பிறகு எந்த அளத்திலும் உப்பு வாரக்கூடாது. உப்பைத் தவிர வேறு வேலை இல்லாத ஊரில் அந்தக் கட்டுக்கு மேல் ஒரு தண்டனை தேவைப்பட்டதில்லை.

பெண்கள் வரிசையாக வந்து உப்பைப் பிடித்துச் சொன்னார்கள். பேச்சித்தாயும் வந்து, "எனக்கு ஒரு செயினு. எங்க மைனி போட்டது. மெல்லிசு" என்று சொல்லிவிட்டு, உப்பை அம்மன் காலடியில் கொட்டிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மைனி என்று அவள் சொன்னது ராசக்கனியை. பேச்சித்தாயின் புருஷனுக்கு மூத்த அக்கா. தம்பி கல்யாணத்துக்குத் தன் காதில் கிடந்ததை அழித்துச் செயின் செய்து போட்டவள். வருஷக்கணக்காக அந்தச் செயினை யாரும் கண்ணால் பார்க்கவில்லை என்பது ராசக்கனிக்குத் தெரியும். அளத்தில் வேலை செய்கிற பெண்கள் தங்கத்தைப் போட்டுக்கொண்டு பாத்தியில் இறங்குவதில்லை, மஞ்சள் கயிறு மட்டும்தான், மற்றது பெட்டியில் கிடக்கும் என்பது ஊர் வழக்கமானாலும், பேச்சித்தாயின் மகள் பட்டணத்துக்குப் போய்க் காலேஜில் படித்துவிட்டு வந்தது எப்படி என்று ராசக்கனி தன் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அந்தக் கணக்கு ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்த மகளுக்கும் தெரியும்.

மகள் பெயர் சந்தனமாரி. பி.எஸ்.சி. இயற்பியல். இரு பக்கக் குடும்பத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். தூத்துக்குடியில், நிலத்தடியில் புதைந்த குழாயையும் கேபிளையும் தேடிக் கொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பாள், மூன்றாவது தடவை சரிபார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு அதையும் பார்ப்பாள். தாயாரின் பெட்டியில், அடியில், மஞ்சள் துணியில் சுற்றிய செயினைச் சின்ன வயதில் ஒரு தடவை பார்த்த ஞாபகம் உண்டு. காலேஜில் சேர்ந்த பிறகு அந்தப் பெட்டியை அவள் திறந்து பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. கேட்டால் பதில் வரும் என்று பயம்.

முதலாளியிடம் கேட்டு, நிலத்தில் தங்கம் தேடுகிற டிடெக்டர் ஒன்றை அவள் ஊருக்குக் கொண்டு வந்தாள். நீளமான தண்டு, அதன் முனையில் தோசைக்கல் அளவில் ஒரு தட்டு, காதில் மாட்டாமல் எல்லோரும் கேட்கிற மாதிரி ஒரு சின்ன ஸ்பீக்கர். ஊர் அதைப் பார்த்துப் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. தங்கம் தரையில் இறங்கும், மிஷின் அதைத் தேடும், இதில் என்ன இருக்கிறது என்ற மாதிரி சுற்றி நின்றது.

அந்த மிஷினில் இரண்டு வகை உண்டு என்று அவள் சொன்னாள். ஒற்றை அதிர்வெண், பல அதிர்வெண். ஒற்றையில் வைத்தால் மிஷின் மண்ணுக்குள் ஒரே குரலில் கூப்பிடும். இருக்கிற பலம் முழுவதும் அந்த ஒரு குரலுக்கே போவதால் ஆழத்துக்குக் கேட்கும். ஊர்க்காரர்கள் ஆழம் என்ற சொல்லைக் கேட்டதும் அதிலேயே வை என்றார்கள். அவளும் வைத்தாள். அளத்தில்தான் பெண்கள் அதிகம் நிற்பார்கள் என்பதால் அங்கிருந்தே தொடங்கினாள்.

தட்டைப் பாத்தி ஓரத்தில் கொண்டு போனதுதான் தாமதம், மிஷின் அலறியது. நகர்த்தினால் அங்கேயும் அலறியது. இந்தப் பாத்தி, அடுத்த பாத்தி, வரப்பு, வாய்க்கால், எங்கே வைத்தாலும் அலறியது. ஊரிலுள்ள நகையெல்லாம் உருகி அளத்துக்கு அடியில் தகடாகப் படுத்துக் கிடக்கிறது என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் நம்பினார்கள்; நம்பியவர்கள் மண்வெட்டி எடுத்தார்கள். பல வருஷமாக மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திய பாத்தித் தளத்தை அன்று சாயங்காலத்துக்குள் நாலு பக்கமும் வெட்டிப் போட்டார்கள். அடியிலிருந்து உப்புத்தண்ணீர்தான் ஊறி வந்தது. அதன் மேல் தட்டைப் பிடித்தபோது மிஷின் இன்னும் சந்தோஷமாகக் கத்தியது.

"உப்புத்தண்ணிதான் பதில் சொல்லுது" என்று சந்தனமாரி மெல்ல, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "அதுலயும் மின்சாரம் ஓடும். அதனால மிஷின் கூப்பிட்டா அதுவும் ஆமான்னு சொல்லும்."

"இத வெட்டுறதுக்கு முந்தி சொல்லப்பிடாதாளா?" என்றாள் லிங்கக்கனி. பேச்சித்தாயோடு ஒரே பாத்தியில் உப்பு வாருகிறவள். வெட்டிய குழியில் முழங்கால் வரை நின்றுகொண்டிருந்தாள்.

அன்று இரவு முழுக்க சந்தனமாரி மிஷினோடு வந்த புத்தகத்தைப் படித்துவிட்டு, காலையில் பல அதிர்வெண் முறைக்கு மாற்றினாள். இப்போது மிஷின் ஒரே நேரத்தில் அடிக்குரலிலும் நடுக்குரலிலும் உச்சக்குரலிலும் கூப்பிடும்; ஒவ்வொரு குரலுக்கும் மண்ணுக்குள்ளிருந்து வருகிற பதிலை ஒன்றோடொன்று ஒப்பிடும்; உப்பு எல்லாக் குரலுக்கும் தன் குணத்துக்குத் தக்கபடி ஒரே தினுசாகப் பதில் சொல்வதால், அந்தப் பதிலை அடையாளம் கண்டு மொத்தத்திலிருந்து கழித்துவிடும். மிஞ்சுவதுதான் உலோகம். அப்படி மாற்றியதும் அளம் அமைதியாகிவிட்டது. அவள் தட்டை வீசிக்கொண்டு நடந்தாள், மிஷின் ஒரு சொல் பேசவில்லை. அளத்து முதலாளியின் மனைவி புஷ்பகாந்தி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த இடத்துக்கு வந்தபோதுதான், கிண்ணத்தில் கரண்டியால் தட்டிய மாதிரி திடமாக ஒரு சத்தம் வந்தது.

தோண்டப் போகிற சமயத்தில் வெயில் தாங்காமல் புஷ்பகாந்தி நாற்காலியை உப்பு அம்பாரத்தின் நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். சத்தம் பழைய இடத்தில் நின்றுபோய், நிழலில் கேட்டது. அவள் எழுந்து நடந்தாள். சத்தம் பின்னாலேயே போனது. இப்படித்தான், தங்கம் அவரவர் காலடியில் ஒரு முழ ஆழத்தில், பசுவுக்குப் பின்னால் போகிற கன்று மாதிரி, போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வந்துகொண்டிருக்கிறது என்பது தெரிந்தது.

இதையும் ஊர் ஏற்றுக்கொண்டது. நகையெடுக்க வேண்டியவள் அசையாமல் நிற்க வேண்டும், கால் விரலைக்கூட மடக்கக்கூடாது, பக்கத்தில் இன்னொருவர் தோண்ட வேண்டும் என்று முறை வைத்தார்கள். பழக்கம் மாறியது. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில் நெருங்கி நிற்பதை விட்டார்கள். பிள்ளைகள் பெரியவர்களின் காலடியைத் தாண்டாமல் சுற்றிப் போனார்கள். காவல்காரர், தன் பல் தனக்குக் கீழே காவலுக்கு வருகிறது என்பதில் பெருமைப்பட்டு, அதைத் தோண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மன் நடக்காதவள் என்பதால் அவளுடைய மூக்குத்தி பீடத்துக்கு நேர் கீழேதான் கிடக்கும் என்று கணித்த பூசாரி, அம்மன் முகத்துக்குத் தீபாராதனை காட்டியபிறகு தரைக்கும் ஒரு சுற்றுக் காட்டினார்.

ஊருக்குள் நகைகள் ஒவ்வொன்றாக வந்தன. காசுமாலை, அட்டிகை, நெளிமோதிரம், கெட்டிக்காப்பு. தோண்டியெடுத்ததை மறுபடி இறங்கிவிடுவதற்குள் ஓட்டமாகக் கொண்டுபோய் டீக்கடைப் பைகளில் போட்டுவைத்து, கொடையன்று எல்லைக்கு வெளியே அணிந்து அம்மனைத் தூரத்திலிருந்தே கும்பிடுவது என்று பேசி முடித்தார்கள். பிறகு அளத்துப் பெண்களின் முறை வந்தது.

லிங்கக்கனி நின்றாள். மிஷின் பேசவில்லை. அவளுக்கு அடுத்தவள், அவளுக்கும் அடுத்தவள், ஒருத்தி பின் ஒருத்தியாக உப்புக் காய்ப்புப் பிடித்த பாதங்களை ஊன்றி நின்றார்கள், சந்தனமாரி அந்தப் பாதங்களைச் சுற்றித் தட்டை வீசினாள். மிஷின் பேசவில்லை. பேச்சித்தாய் வந்து நின்றாள். மகள் மூன்று தடவை தட்டை வீசினாள். நான்காவது தடவையும் வீசினாள்.

"ஏளா மாரி, எங்களப் பாத்தா மட்டும் ஒன் மிஷினு வாய மூடிக்கிடுதே, அதுக்கு நாங்க என்ன கெடுதல் பண்ணுனோம்?" என்றாள் லிங்கக்கனி. சிலர் சிரித்தார்கள். வைகுண்டமணி சிரிக்கவில்லை.

"ஏம்மா, சத்தம் வரலைன்னா என்ன அர்த்தம்? படிச்ச பிள்ள, நீ சொல்லு."

பாத்தியை வெட்டிப் போட்ட பழி இன்னும் ஆறாததால், தெரிந்ததைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற ஒரே பதற்றத்தில் சந்தனமாரி சொன்னாள்: "இல்லைன்னு அர்த்தம் மாமா."

சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது எங்கே போய் விழுகிறது என்று பார்த்தாள். சத்தியம் செய்த கைகள் எல்லாம் எதிரே நின்றன. அதில் ஒன்று அவள் தாயாருடையது.

ராசக்கனி முன்னால் வந்தாள். "எங்காதுல கெடந்தத அழிச்சு எந்தம்பி பொண்டாட்டிக்குப் போட்டேன். பிள்ளையப் படிக்க வைக்கணும், வித்துட்டேன் மைனின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் என்ன கழுத்தையா பிடிச்சிருப்பேன்? உப்ப அள்ளிக்கிட்டுப் பொய் சொல்லுதாளே, அதத்தான் தாங்க முடியல."

"விக்கல மைனி" என்றாள் பேச்சித்தாய். "பெட்டியிலதான் கெடந்துச்சு."

"அப்ப எங்க அது? ஊர்ல எல்லாத்துக்கும் கூட வருது, ஒனக்கு மட்டும் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாக்கும்?"

கொடைக்குப் பந்தக்கால் நாட்டுவதற்குள் முடிவு சொல்வதாகவும், அதுவரை அந்தப் பெண்கள் பாத்தியில் இறங்க வேண்டாம் என்றும் வைகுண்டமணி சொன்னார். அடுத்த நாள் காலையில் பேச்சித்தாய் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, வழக்கமான நேரத்துக்குச் சோறு பொங்கி, தூக்குவாளியில் போட்டு மூடி, அதை வாசலில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் உப்பு லாரியில் வெளியூர் போயிருந்தார். மகள் வீட்டுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா, வித்தியா என்று இப்போதாவது கேட்கலாம். விற்றேன் என்று சொன்னால், தான் படித்த ஒவ்வொரு பாடத்துக்கும் அடியில் அந்தச் செயின் கிடக்கும். விற்கவில்லை என்று சொன்னால், அதை நம்புவதா மிஷினை நம்புவதா என்று தெரியவில்லை. கேட்காமல் மிஷினை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனாள்.

ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய அளத்து ஈரமண்ணை அள்ளிக் கொண்டுபோயிருந்தாள். எல்லைக்கு வெளியே என்பதால் அங்கே தங்கம் இறங்காது. டீக்கடைக்காரரிடம் கெஞ்சி, பைகளில் ஒன்றிலிருந்த ஒரு காப்பை வாங்கி மண்ணுக்குள் புதைத்துத் தட்டை வீசினாள். பல அதிர்வெண்ணில் திடமாகச் சத்தம் வந்தது. அடுத்து, விருந்துக்கு வந்த ஒரு சிறுமியின், தலைமுடி போன்ற மெல்லிய செயின். புதைத்தாள். வீசினாள். மிஷின் பேசவில்லை. செயினை எடுத்துப் பார்த்து மறுபடி புதைத்தாள். அப்போதும் பேசவில்லை. சர்க்கரை டப்பாவின் மேல் கையை ஊன்றிக்கொண்டு டீக்கடைக்காரர், "மண்ணு தின்னுட்டா?" என்று கேட்டார்.

மண் தின்னவில்லை, மிஷின்தான் தின்றது என்று அவளுக்கு விளங்கியது. கெட்டியான காப்பு அடிக்குரலுக்கும் பதில் சொல்லும், உச்சக்குரலுக்கும் பதில் சொல்லும். மெல்லிய செயினோ கண்ணி கண்ணியாகப் பிரிந்து கிடப்பது. ஒவ்வொரு கண்ணியும் மிஷினுக்குத் தனித்தனித் துணுக்கு. அது உச்சக்குரலுக்கு மட்டும், அதுவும் முணுமுணுப்பாகத்தான் பதில் சொல்லும். உப்புத்தண்ணீரும் ஏறக்குறைய அதே மாதிரிதான் பேசும். உப்பின் பதிலைக் கழிக்கிற மிஷின், அதோடு சேர்த்து அதே சாயலில் பேசுகிற மெல்லிய தங்கத்தின் பதிலையும் கழித்துவிடுகிறது. ஒற்றை உச்ச அதிர்வெண்ணில் வைத்தால் செயின் கேட்கும், ஆனால் உப்பும் கூடவே அலறும். உப்பே இல்லாத இடம் வேண்டும்.

மத்தியானம் கோயில் வாசலில் இதை அவள் வைகுண்டமணியிடம் சொன்னபோது அளத்துப் பெண்களும் சுற்றி நின்றார்கள். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. லிங்கக்கனி மற்றவர்களுக்கு விளக்கினாள்: "கங்காணி மாதிரிடீ. பெரிய வீட்டுக்காரி தும்முனாலும் அவருக்குக் கேக்கும். நாம பேசுனா காத்தடிக்குதுன்னு நெனச்சுக்கிடுவாரு."

"அப்ப அன்னைக்கு இல்லைன்னு அர்த்தம்னு சொன்னியே?" என்றார் வைகுண்டமணி.

"தப்பாச் சொல்லிட்டேன் மாமா. கேக்கலைன்னுதான் சொல்லியிருக்கணும்."

அவர் மேற்கே திரும்பிப் பார்த்தார். ஊருக்கு மேற்கே நல்லதண்ணி ஓடை இருக்கிறது. மழைக்கு மட்டும் தண்ணீர் வரும், மற்ற மாதங்களில் வெள்ளை மணல்தான். ஊற்றுத் தோண்டினால் சர்க்கரை மாதிரி தண்ணீர். "அங்க கூட்டிட்டுப் போய்ப் பாரு. அதோட முடிச்சுக்கிடுவோம். நானும் வாரேன்" என்றார்.

அப்படித்தான் அளத்துப் பெண்கள் உப்பை விட்டு நல்லதண்ணிக்கு நடந்தார்கள். தங்கத்துக்கு மண்ணுக்குள் நடை மெதுவென்று தெரிந்ததால், அது பின்தங்கிவிடாமலிருக்க அவர்களும் மெதுவாக நடந்தார்கள். களிமண் பூமியில் நின்று நின்று நடந்தார்கள், வேலிக்கருவைக் காட்டில் வேர்கள் அதிகம் என்று சுற்றி நடந்தார்கள், தார்ரோட்டைக் கடக்கும்போது ஓரத்தில் நின்று, கீழே வருவது வந்து சேரட்டும் என்று காத்திருந்து கடந்தார்கள். பேருந்து ஒன்று அவர்களுக்காக நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. இந்தப் பக்கத்து டிரைவர்களுக்கு அது பழகியிருந்தது. ராசக்கனியும் கூட வந்தாள். பேச்சித்தாய்க்குப் பக்கத்தில் நடக்காமல், பின்னால், அவளுடைய குதிகாலுக்குக் கீழே இருக்கும் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஓடை மணலில் சந்தனமாரி மிஷினை ஒற்றை அதிர்வெண்ணுக்கு மாற்றி, குரலை உச்சத்தில் வைத்து, வெறும் மணலில் வீசிப் பார்த்தாள். ஓடை ஒன்றும் சொல்லவில்லை. நல்ல நிலம்.

லிங்கக்கனி நின்றாள். முதல் வீச்சில் ஒன்றுமில்லை. இரண்டாவதில், தூரத்தில் எங்கோ கொசு பாடுவது போல ஒரு சின்னச் சத்தம்.

"இதா?" என்றாள் லிங்கக்கனி.

"அதான்."

"இம்புட்டுச் சத்தத்துக்கா நான் திருடியா நின்னேன்" என்றாள். இடத்தைவிட்டு அசையாமலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தோண்டினார்கள். கடுகு அளவில் மூக்குத்தி வந்தது. அடுத்தவளுக்கு ஒரு குண்டுமணித் தாலி, அதற்கடுத்தவளுக்கு ஒற்றைக் கம்மல். இன்னொன்று எப்போதோ தொலைந்ததென்று அவள் சத்தியத்திலேயே சொல்லியிருந்தாள், சரியாக இருந்தது. ஒவ்வொருத்திக்கும் வைகுண்டமணி தலையை ஆட்டினார். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் ஒரு கை அளத்துக்குத் திரும்பியது.

பேச்சித்தாய் கடைசியில் வந்து நின்றாள். மகள் வீசினாள். சத்தமில்லை. தட்டை மணலோடு மணலாக உரசி வீசினாள். பாதத்தைச் சுற்றி வீசினாள், முன்னும் பின்னும் வீசினாள், வழியில் பின்தங்கியிருக்குமோ என்று வந்த தடத்திலே கொஞ்ச தூரம் போய் வீசிக்கொண்டு வந்தாள். சத்தமில்லை. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"மாரி" என்றார் வைகுண்டமணி. குரலில் கடுமை இல்லை. "கேக்கலையா, இல்லையா?"

அவள் மிஷினைப் பார்த்தாள். நிலம் சுத்தம், குரல் சரி, மற்றவர்களுக்கு எல்லாம் கேட்டது. ஒரு பொய் சொல்லலாம். சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, ரொம்ப ஆழத்தில் என்று சொல்லலாம். மறுத்துச் சொல்ல அங்கே யாருக்கும் தெரியாது. தாயார் அவளைப் பார்க்காமல் ஓடைக்கு அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல மாமா" என்றாள் சந்தனமாரி.

ராசக்கனி ஜெயித்தவள் மாதிரி இல்லை. மணலில் உட்கார்ந்துவிட்டாள். பேச்சித்தாய் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துவிட்டு, முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

சந்தனமாரியின் பிடியிலிருந்து மிஷின் நழுவப் போகவே லிங்கக்கனி எட்டிப் பிடித்தாள். "குடுளா. கீழ போட்டு அதையும் ஒடைச்சிராத." உப்பு வாருகிற பலகையைப் பிடிக்கிற மாதிரிதான் அவளுக்குப் பிடிக்கத் தெரிந்தது. தண்டைக் கோணலாகப் பிடித்து, தட்டை மணலில் இழுத்து, தன் பக்கம் வாரினாள். சந்தனமாரி அவளுக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றாள். தட்டு சந்தனமாரியின் பாதங்களில் இடித்துக்கொண்டு நின்றது.

கொசு பாடியது.

"செருப்புல ஆணி இருக்கும்" என்றாள் சந்தனமாரி. செருப்பைக் கழற்றித் தூரப் போட்டாள். லிங்கக்கனி மறுபடி வாரினாள். அதே சத்தம். சந்தனமாரி இரண்டு எட்டு தள்ளி நின்றாள். சத்தம் நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டே இருக்க, கொஞ்சம் பொறுத்து, புதிய இடத்தில் அவள் காலடியிலேயே கேட்டது.

மிஷின் பிடிக்கிறவள் தட்டை எப்போதும் தனக்கு முன்னால்தான் வீசுவாள். தான் நிற்கிற இடத்தை வீசுவதில்லை. இத்தனை நாளும் அளத்திலும் தெருவிலும் ஓடையிலும் அவள் எல்லோருடைய காலடியையும் தேடிக்கொண்டு போக, அவளுக்கும் தட்டுக்கும் ஓர் எட்டு பின்னால் அது நடந்து வந்துகொண்டிருந்தது. அவளுக்கென்று தங்கம் எதுவும் இல்லாததால் யாருக்கும் அவளை நிறுத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

"பேச்சி" என்றார் வைகுண்டமணி, சட்டம் தெரிந்தவர் என்பதால் தயங்கிக்கொண்டே. "எனக்கு ஒரு செயினுன்னுல்ல நீ சத்தியம் பண்ணுன? இது ஒம் மககிட்டல்ல போகுது?"

பேச்சித்தாய் தரையைப் பார்த்தாள். அவளுக்கே அது புதிய விஷயம் என்பது முகத்தில் தெரிந்தது. "எம் பெட்டியிலதான் அண்ணாச்சி கெடந்துச்சு" என்றாள். "பெட்டியில கெடக்கிறதெல்லாம் பெட்டிக்காரிக்கா?"

வைகுண்டமணிக்குத் தெரிந்து இந்த மாதிரி வழக்கு ஊரில் இதற்கு முன் வந்ததில்லை. ராசக்கனி கையை ஊன்றி எழுந்து, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"செயினு இருக்கு. யாரு காலுக்குக் கீழ கெடந்தா ஒமக்கென்ன? நான் போட்டது, நான் சொல்லுதேன்" என்றாள் அவரிடம். பிறகு பேச்சித்தாயிடம், முகத்தைப் பார்க்காமல், "தோண்டு, ஊத்து ஏறுறதுக்குள்ள" என்றாள்.

லிங்கக்கனி தோண்டக் குனிந்தாள். பேச்சித்தாய் அவளைத் தோளில் தொட்டு விலக்கிவிட்டு, சேலையைச் சொருகிக்கொண்டு, மகளின் காலடியில் மண்டியிட்டாள். மண்வெட்டி வேண்டாம், மெல்லிசு, அறுந்துவிடும் என்று கையாலேயே மணலை அள்ளிப் போட ஆரம்பித்தாள். உப்பு அரித்து நகம் தேய்ந்த விரல்கள் பெருவிரலுக்கு அடியிலும் குதிகாலுக்கு அடியிலும் புகுந்து புகுந்து வந்தன. குனிந்த தலையில், வகிட்டு ஓரத்தில், உதிராத உப்பு வெள்ளையாகத் தெரிந்தது. பெற்றவள் தன் காலைப் பிடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்க்க முடியாமல் சந்தனமாரிக்கு முழங்கால் தானாகப் பின்னால் இழுத்தது.

"அசையாத" என்றாள் பேச்சித்தாய், தலையை நிமிர்த்தாமல். "நீ கால எடுத்தா அதுவும் போயிரும்."

சந்தனமாரி நின்றாள்.